செந்தட்டிக் குடும்பத்தில் ஒரு சாதுச் செடி

பெட்ரீசியா வாய் சொல்வதை நம்புகிறவள் அல்ல. "சாப்பிட்டாச்சு" என்று யாராவது சொன்னால் தட்டைப் பார்ப்பாள். "குளிச்சாச்சு" என்றால் காதுக்குப் பின்னால் பார்ப்பாள். "எங்க வலிக்குது?" என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் வலிக்கிற இடத்தில் விரலை வைத்திருப்பாள். ஈப்போவில் புந்தோங் பக்கம் இருக்கும் நல்வரவு முதியோர் இல்லத்தில் பதினான்கு பேர் அவள் பொறுப்பில் இருக்கிறார்கள். பதினான்கு பேரும் அவளிடம் பொய் சொல்லிப் பார்த்தவர்கள்தான். பதின்மூன்று பேர் பலிக்கவில்லை என்று விட்டுவிட்டார்கள். கருப்பம்மாள் மட்டும் இன்னும் முயற்சியைக் கைவிடவில்லை.

பெட்ரீசியாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. பிறந்தது சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டம். அப்பா களைக்கு மருந்து அடிக்கிறவர். பள்ளி விடுமுறையில் அவளும் புல் பிடுங்கப் போவாள். எந்தச் செடி கையைக் கிழிக்கும், எது அரிக்கும், எது சும்மா மிரட்டும் என்பதெல்லாம் அப்போது கைக்குத் தெரிந்த சங்கதி. ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்து, சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு, இருபத்தாறு வயதில் ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்தாள். நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி எடுத்தாள். முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள்.

ஓய்வு மூன்று வாரம் நீடித்தது. நான்காவது வாரம், கணவர் திமோத்தி எத்தனை மணிக்கு எந்த மாத்திரை சாப்பிட வேண்டும் என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். ஐந்தாவது வாரம், அவர் கால் நகத்தை யார் எப்போது வெட்ட வேண்டும் என்பதும் சுவருக்கு வந்தது. "நீ எங்கயாச்சும் வேலைக்குப் போயிரு லா, நான் பொழச்சுக்கறேன்" என்றார் திமோத்தி. அன்றிலிருந்து இரண்டு வருடமாகப் பத்து காஜா என்ற தன் ஊரிலிருந்து காலையில் கிளம்பி இல்லத்துக்கு வருகிறாள். அங்கேயும் இங்கேயும் சேர்த்து முப்பத்து மூன்று வருடத்தில் அவள் பெயருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடையாது. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். ஆனால் அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கடிதம்தான் ஒரு செடியால் வரப் பார்த்தது.

செடியைக் கொண்டுவந்தது கருப்பம்மாள். எண்பத்தொரு வயது, முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவள், உடம்பில் சதை இல்லாவிட்டாலும் கையில் பிடி இருந்தது. போன வருடம் எல்லோரையும் பங்கோர் தீவுக்குக் கூட்டிப்போனபோது மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். கருப்பம்மாள் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் நின்ற புதரைப் பார்த்தாள். காற்று அடித்தால் பச்சைப் புதர் சட்டென்று வெள்ளையாகிவிடும்; காற்று நின்றால் மறுபடி பச்சை. "சேலையத் திருப்பிக் கட்டுற மாதிரி இருக்கு பாரு" என்று ஒரு குச்சியை ஒடித்து, ஈரத் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். படகு லுமுட் துறைக்கு வந்து சேரும்வரை அந்தப் பையை யாரையும் தொட விடவில்லை. குச்சியை நட இடம் காட்டியது பெட்ரீசியா. பின்கட்டில், வேலியோரம். பத்து மாதத்தில் அது தோளுயரம் வளர்ந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை, குளிப்பாட்டி அறைக்குக் கூட்டிவந்து தலை துவட்டிவிடும்போது பெட்ரீசியா கருப்பம்மாளின் வலது கையைப் பார்த்தாள். சிவந்து, தடித்து, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம்.

"இது எப்ப வந்துச்சு பெரியம்மா?"

"எது?"

"கைய நீட்டுங்க. எதத் தொட்டீங்க?"

கருப்பம்மாள் கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்தாள். "அந்தச் செடிதான். சனிக்கெழம பக்கத்துல போனேன், கடிச்சிருச்சு."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்டானிஸ்லாஸ் நின்றார். இல்லத்தின் நிர்வாகக் குழுத் தலைவர். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான், ஆனால் எது நடந்தாலும் அதற்கு ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். நேராகப் பின்கட்டுக்குப் போனார். கைபேசியில் செடியைப் படம் பிடித்தார். படத்தைப் பார்த்துச் செடியின் பெயரைச் சொல்லும் செயலி ஒன்றை அவருடைய மருமகன் போட்டுக் கொடுத்திருந்தான். அது வாயில் நுழையாத ஒரு பெயரைக் காட்டியது. அதற்குக் கீழே 'தீவுகளில் வளரும் புதர்' என்றது. அதற்கும் கீழே மலாயில் 'கெலுவார்கா ஜெலாத்தாங்' என்றது.

ஸ்டானிஸ்லாஸ் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"ஜெலாத்தாங்! செந்தட்டி! செந்தட்டிக் குடும்பம்னு போட்டிருக்கு!" என்று கூவிக்கொண்டே உள்ளே வந்தார். "பெட்ரீசியா, வயசானவங்க நடமாடுற எடத்துல செந்தட்டிய நட எடம் குடுத்தது யாரு?"

"நான்தான் அண்ணே. ஆனா அது செந்தட்டி இல்ல."

"போன் பொய் சொல்லுமா?"

"போன் குடும்பத்தத்தான் சொல்லுது. கடிக்கும்னு சொல்லலயே."

"செந்தட்டிக் குடும்பம் கடிக்காம கொஞ்சுமா?" என்றார் ஸ்டானிஸ்லாஸ். வியாழக்கிழமை குழுக் கூட்டம். கவனக் குறைவுக்காகப் பெட்ரீசியாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் அங்கே கொடுக்கப்படும், வெள்ளிக்கிழமை புல்வெட்டுகிற ஆள் வந்து செடியை வேரோடு எடுப்பான் என்று அறிவித்துவிட்டுக் கணினி இருக்கும் அறைக்குப் போனார். கதவு சாத்துவதற்குள் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

பெட்ரீசியாவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் கையுறையை மாட்டிக்கொண்டு எதையாவது சுத்தம் செய்வாள். அன்று கருப்பம்மாளின் கையைச் சுத்தம் செய்தாள். கிளினிக்குக்கு அழைத்துப் போய் மருத்துவர் கொடுத்த களிம்பைத் தடவினாள். தடவும்போதுதான் கொப்புளங்களை ஒழுங்காகப் பார்த்தாள்.

அவை விரல்களில் இல்லை. உள்ளங்கையில் இல்லை. செடியைத் தொட்ட கையில் முதலில் விரல்தானே மாட்ட வேண்டும்? மணிக்கட்டில் தொடங்கி, முழங்கையின் உட்புறம் வரை, மூன்று கோடுகளாக இறங்கியிருந்தன. யாரோ பேனா மையை ஊற்றி வழிய விட்டது போல. இன்னொன்றும் இடித்தது. தோட்டத்தில் செந்தட்டி பட்ட பிள்ளை அந்த நிமிடமே குதிக்கும். கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அடங்கும். சனிக்கிழமை தொட்டுத் திங்கட்கிழமை கொப்புளம் போடும் செந்தட்டியை அவள் பார்த்ததில்லை.

மத்தியானம் எல்லோரும் தூங்கியபோது பின்கட்டுக்குப் போனாள். செய்தித்தாள் படிக்கும் பெரியவர் ஒருவரிடம் முன்பே கேட்டு வாங்கியிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் புது நோயாளியைச் சேர்க்கும்போது தலையிலிருந்து கால்வரை பார்ப்பார்களே, அப்படிச் செடியைப் பார்த்தாள்.

கிளைகள் வளைந்து தொங்கின. இளங்குச்சியில் சாம்பல் நிறத்தில் பூனைமயிர் போல மெல்லிய ரோமம். இலைகள் எதிரெதிராக இல்லை. ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். முட்டை வடிவம், நுனி கூர்மை, விளிம்பில் சின்ன ரம்பப் பல். அந்தப் பல்லைப் பார்த்தால் செந்தட்டி ஞாபகம் வரும்தான். அதில் தப்பில்லை. இலைக்காம்பு லேசாகச் சிவந்திருந்தது. காம்பு இலையைத் தொடும் இடத்திலிருந்து மூன்று நரம்புகள் கோழிக்கால் மாதிரிப் பிரிந்தன. மேற்பக்கம் பச்சை, கொஞ்சம் சொரசொரப்பு. அடிப்பக்கம் மாவு தூவியது போல வெள்ளை. இலையடியில், கிளையை ஒட்டி, இதழே இல்லாத பூக்கள் குட்டி உருண்டைகளாக உட்கார்ந்திருந்தன. சில உருண்டைகள் பழுத்து, வெளிறிய முசுக்கொட்டைப் பழம் போல இருந்தன. கொண்டைக்குருவி ஒன்று அதைத் தின்றுகொண்டிருந்தது. பெட்ரீசியா தின்னவில்லை. தெரியாத பழத்தை வாயில் வைப்பது அவள் பயிற்சியில் இல்லை. ஒரு குச்சியைக் கிள்ளி இழுத்தாள். பட்டை ஒடியாமல் நீளமாக உரிந்து வந்தது, கட்டுப் போடும் நாடா போல.

கடைசியாக, ஒரு இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். கடிக்கிற செடியின் முள் கண்ணாடி ஊசி மாதிரி விறைத்து நிற்கும், வெயிலில் மினுக்கும். இங்கே ரோமம் எல்லாம் படுத்துக்கிடந்தது. பிறகு இலையின் ஒரு துண்டைத் தன் இடது முழங்கையின் உட்புறத்தில் தேய்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிடம், ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம், ஒன்றுமில்லை.

செடி குற்றவாளி இல்லை. அப்படியானால் யார்?

அண்ணாந்து பார்த்தாள். செடிக்கு நேர் மேலே, வேலிக்கு அந்தப் பக்கத்து மாமரத்தின் கிளை தலையை நீட்டிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டும் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நாலு காம்புகள் மொட்டையாக நின்றன. பட்டையில் புதிதாக ஒரு சிராய்ப்பு. கருப்பம்மாளிடம் இருப்பது போல வளைந்த பிடி போட்ட கைத்தடி மாட்டி இழுத்தால் விழும் சிராய்ப்பு.

வேலியருகே குல்ஜார் பேகம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீடு அவருடையது. கணவர் மீரா சாஹிப் பெரிய சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்.

"அக்கா, மாங்கா குறையுதா?"

"ரெண்டு வாரமா குறையுது" என்றார் குல்ஜார் பேகம், வாயில் கிளிப்பை வைத்துக்கொண்டே. "எங்க வீட்டுக்காரரு அணிலுங்கறாரு. கைத்தடி வச்ச அணில நான் மட்டும்தான் பாத்திருக்கேன். பாத்துட்டு ஜன்னல சாத்திட்டேன். அந்த வயசுல எக்கி எக்கிப் பறிக்கிறாங்க, கீழ விழுந்துறப் போறாங்கன்னு நாந்தான் ஓதிக்கிட்டு இருந்தேன்."

பெட்ரீசியா உள்ளே வந்து, கருப்பம்மாளின் சனிக்கிழமைச் சட்டையை அழுக்குக் கூடையிலிருந்து எடுத்தாள். வலது கைப்பட்டியில் மாம்பால் காய்ந்த கரும்பழுப்புக் கறை. தலையணை உறைக்குள் கையை விட்டாள். காகிதத்தில் மடித்த உப்பும் மிளகாய்த்தூளும் வந்தன. கருப்பம்மாளுக்கு ரத்தக் கொதிப்பு. உப்பைக் கண்ணால் பார்க்கவும் கூடாது என்பது மருத்துவர் சொல். பக்கத்து வீட்டு மரத்தில் கை வைக்கிறவர்கள் அப்புறம் முன் வராந்தாவை விட்டு இறங்கக் கூடாது என்பது ஸ்டானிஸ்லாஸ் போட்ட சட்டம். முன் வராந்தாவில் நாள் முழுக்கத் தொலைக்காட்சி அழுதுகொண்டிருக்கும். கருப்பம்மாளுக்கு அது ஆகவே ஆகாது.

"பெரியம்மா" என்றாள் பெட்ரீசியா, காகிதப் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்து.

"யாரோ வச்சிருக்காங்க" என்றாள் கருப்பம்மாள்.

"சரி. யாரோ மாங்கா பறிச்சிருக்காங்க, யாரோ கையில பால் வழிஞ்சிருக்கு, யாரோ தின்னிருக்காங்க. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஒரு ஆளோட ஒடம்பப் பத்தி நாலு பேர் முன்னால பேசக்கூடாது, அது எனக்குச் சொல்லிக் குடுத்த மொத பாடம். ஆனா வியாழக்கெழம எனக்குக் கடுதாசி குடுப்பாங்க. வெள்ளிக்கெழம ஒங்க செடிய வெட்டுவாங்க. நீங்களே யோசிச்சுக்குங்க."

"என் செடியயா?" என்றாள் கருப்பம்மாள். "நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அந்த மனுசன் வெட்டவா சொல்லிட்டாரு?"

பெட்ரீசியா உப்புப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை காலை அவள் வேலைக்கு வரும் வழியில், மூடிப்போன ஒரு தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் காரை நிறுத்தினாள். சமையலறை இடுக்கியோடு இறங்கி, பிஸ்கட் டின்னோடு திரும்பினாள்.

கூட்டம் சாப்பாட்டு அறையில் நடந்தது. ஸ்டானிஸ்லாஸ் நடுவில். பக்கத்தில் செயலாளர் ஜோசலின், எதற்கும் சிரிப்பை அடக்க முடியாதவள். கூட்டத்தில் இல்லாதவர்கள் எல்லாம் கதவோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தற்செயலாக அங்கே இருப்பது போல இருந்தார்கள். மேசையில் கடிதம் தயாராக இருந்தது. முத்திரை குத்தியாகிவிட்டது, கையெழுத்து மட்டும் பாக்கி.

"அண்ணே, கையெழுத்துக்கு முன்னால அஞ்சு நிமிசம்" என்றாள் பெட்ரீசியா. இடது கையை நீட்டினாள். "திங்கக்கெழம இதுல அந்த எலையத் தேச்சேன். இன்னைக்கு வியாழன். எதாச்சும் இருக்கா?"

ஜோசலின் எட்டிப் பார்த்தாள். "ஒரு பழைய கொசுக்கடி இருக்கு."

"அது பத்து காஜா கொசு. அதுக்கு நான் பொறுப்பில்ல." பிஸ்கட் டின்னைத் திறந்து, இடுக்கியால் ஒரு இலையை எடுத்துத் தட்டில் வைத்தாள். பக்கத்தில் தீவுச் செடியின் இலையை வெறும் கையால் வைத்தாள். "இதுதான் நெசமான செந்தட்டி. ரெண்டு பக்கமும் பச்சை. கண்ணாடியில பாருங்க, ஊசி ஊசியா நிக்கிது. இது நம்ம செடி. அடியில வெள்ளை, ரோமம் படுத்துக்கெடக்கு, காம்புல முள்ளே இல்ல. ரெண்டுக்கும் ஓரத்துல ஒரே மாதிரி பல்லு, அவ்வளவுதான் ஒறவு. அண்ணே, ஒங்களுக்குச் சந்தேகம்னா ரெண்டையும் தொட்டுப் பாருங்க."

ஸ்டானிஸ்லாஸ் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "குடும்பம் ஒண்ணுதானே?"

"ஒங்க சித்தப்பா பத்து காஜா ஜெயில்ல இருந்தாருல்ல?"

"அவரு அங்க வார்டன் லா!"

"இருந்தாருல்ல? அதுக்காக நாங்க ஒங்கள உள்ள போடலயே?"

ஜோசலின் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கதவோரத்தில் நாற்காலிகள் குலுங்கின. ஸ்டானிஸ்லாஸுக்கும் உதடு துடித்தது. ஆனால் அவர் எழுத்தராக இருந்தவர்; கோப்பில் ஓர் இடம் காலியாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது.

"சரி, செடி இல்ல. அப்ப அந்தம்மா கையில கொப்புளம் எதனால வந்துச்சு? அதச் சொல்லுங்க, நான் கடுதாசியக் கிழிச்சுப் போட்டுர்றேன்."

"எனக்குத் தெரியும்" என்றாள் பெட்ரீசியா. "ஆனா நான் சொல்றதுக்கில்ல."

"சொல்லலன்னா நான் எத எழுதறது? காரணம் தெரியாதுன்னா எழுத முடியும்? அப்பக் கவனக் குறைவுதான்." பேனா மூடியைத் திறந்தார்.

பெட்ரீசியா தட்டில் இருந்த இரண்டு இலைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்து மூன்று வருடம். ஒரு கையெழுத்தில் போய்விடும். போகட்டும் என்று முடிவு செய்துவிட்டவள் போலக் கையைக் கட்டிக்கொண்டாள். பேனா தாளைத் தொட்டது.

"மாங்கா!" என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். கருப்பம்மாள் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றிருந்தாள்.

"மாங்காப் பாலு. நாலு மாங்கா. பாய் வீட்டு மரம். உப்பு மொளகாத்தூளு தொட்டுத் தின்னேன். போதுமா? எழுதிக்க. என் செடிமேல கைய வச்சீங்க, இந்தத் தடிக்கு மாங்கா மட்டும்தான் பறிக்கத் தெரியும்னு நெனைக்காதீங்க."

"மாம்பால் பட்டா ஒடனே கழுவணும்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள் ஜோசலின்.

"என்னத்துக்குக் கழுவணும்?" கருப்பம்மாளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "முப்பது வருசம் கையில பாலு வழிஞ்சிருக்கு. எவ கழுவுனா? காய விட்டு, ஒட்டுப்பாலு மாதிரி உரிச்சுப் போட்டுட்டுப் போயிக்கிட்டே இருப்போம். இதயும் காய விட்டேன். உரியவே இல்ல. என்னா பாலு இது, ஒண்ணுக்கும் ஆகாத பாலு!"

இந்த முறை பெட்ரீசியாவே சிரித்துவிட்டாள். கோடுகள் மாம்பால் வழிந்த கோடுகள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கருப்பம்மாள் கழுவாமல் ஏன் விட்டாள் என்பது மூன்று நாளாகப் பிடிபடவில்லை. ரப்பர்ப் பால் காய்ந்தால் கையில் தோல் போல உரியும். அந்தச் சுகத்துக்காகவே தோட்டத்துப் பிள்ளைகள் வேண்டுமென்று கையில் தடவிக்கொள்வார்கள். அவளும் தடவியிருக்கிறாள். இது எப்படித் தோன்றாமல் போனது?

ஸ்டானிஸ்லாஸ் பேனாவை மூடினார். "பால்மரம் வெட்டுனவங்கள மாமரத்துப் பக்கம் விடக் கூடாதுன்னு ஒரு சட்டம் போடணும் போல" என்றார்.

"போடுங்க" என்றாள் பெட்ரீசியா. "அதோட இதையும் சேத்துப் போடுங்க. பின்கட்டுக்குப் போகணும்னா ஒரு ஆளக் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு. அடைச்சு வச்சா வேலியேறத்தான் பாப்பாங்க. மாங்கா வேணும்னா குல்ஜார் அக்காவே தருவாங்க, கேட்டுட்டேன். சமையக்கட்டுல கையுறை போட்டுச் சீவித் தர்றோம். உப்பு கெடையாது."

"உப்பு இல்லாம மாங்காயா?" என்றாள் கருப்பம்மாள், செடியை வெட்டப் போகிறார்கள் என்று கேட்டபோது இருந்ததைவிட அதிகக் கலக்கத்துடன்.

"எலுமிச்சையும் மொளகாத்தூளும் தர்றேன்."

"கொஞ்சூண்டு உப்பு."

"இல்ல."

"இந்த நகத்துல ஒட்டுற அளவு."

"நகத்தக் காட்டுங்க. வெட்டணும்."

அத்தோடு கூட்டம் முடிந்தது.

மறுநாள் புல்வெட்டுகிறவன் வந்தபோது, தீவுச் செடியில் ஒரு அட்டை தொங்கியது. ஸ்டானிஸ்லாஸ் எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்க மனம் வராமல், அட்டையில் மறுபக்கமாக ஒட்டி, வெள்ளைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: 'இது கடிக்காது. வெட்டாதே.' கீழே முத்திரை. அட்டையைக் கட்டியிருந்த நாடா அந்தச் செடியின் பட்டையிலிருந்து உரித்தது. பெட்ரீசியா இரண்டு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, கட்டியிருந்தாள்.

கருப்பம்மாளுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். கைத்தடியை ஊன்றி நின்று, விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். "கடிக்காதுன்னு போட்டிருக்கு" என்றாள் பெட்ரீசியாவிடம். "பக்கத்துல எனக்கும் ஒரு அட்ட மாட்டச் சொல்லு."

"ஒங்களுக்கா? பொய்யி எழுதி முத்திரை குத்த மாட்டாரு அவரு" என்றாள் பெட்ரீசியா. "கையக் காட்டுங்க, களிம்பு போடணும்."